வங்காளத்து அடிபம்பு நீரும் காந்தத் துகளும்: ஆர்சனிக் நீக்கம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2006இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சின்ன அட்டவணை உண்டு. லிட்டருக்கு 500 மைக்ரோகிராம் ஆர்சனிக் கலந்த நீரில் ஒரே எடை மேக்னடைட்டை (காந்தத்தால் திரும்ப எடுக்கக்கூடிய கறுப்பு இரும்பு ஆக்சைடு) மூன்று அளவுத் துகள்களாகப் போட்டுப் பார்த்திருந்தார்கள். 300 நானோமீட்டர் துகளைப் போட்டபோது மூன்றாம் நிலை (+3 ஆக்சிஜனேற்ற நிலை) ஆர்சனிக்கில் 375 மைக்ரோகிராம் நீரிலேயே நின்றுவிட்டது. 20 நானோமீட்டர் துகளில் மிஞ்சியது 45. 12 நானோமீட்டர் துகளில் 3.9. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10 மைக்ரோகிராம் என்பதை நினைத்தால், அந்தக் கட்டுரை அவ்வளவு பரபரப்பானது ஏன் என்று புரியும்.

ஆனாலும் மேற்கு வங்கத்திலும் பங்களாதேஷிலும் கிராமங்களில் வேரூன்றிய ஆர்சனிக் சாதனங்கள் காந்தத்தை நம்பியவை அல்ல. துகளின் கவரும் திறன் குறைவு என்பதல்ல இதற்குக் காரணம். நீரில் வேறு என்னென்ன இருக்கின்றன, துகளைத் திரும்பப் பிடிப்பது எப்படி, பிடித்த பிறகு எங்கே போடுவது என்ற மூன்று இடங்களில்தான் சிக்கல்.

நீர் எப்படிப்பட்டது

கல்கத்தாவில் தோல் நோய் மருத்துவர் கே. சி. சாஹா 1983இல் மேற்கு வங்க நோயாளிகளிடம் ஆர்சனிக் நஞ்சைக் கண்டறிந்தார். பங்களாதேஷில் 1993இல் கிணற்று நீரில் அது உறுதியானது. பிரிட்டிஷ் புவியியல் அளவை நிறுவனமும் பங்களாதேஷ் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் 3,534 கிணறுகளைச் சோதித்தபோது, ஆழங்குறைந்த கிணறுகளில் சுமார் 27 சதவீதம் அந்நாட்டு வரம்பான 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. மூலம் ஆலைக் கழிவு அல்ல. ஆறுகள் கொண்டுவந்த வண்டலில் இரும்பு ஆக்சைடு மேல் ஆர்சனிக் ஒட்டியிருக்கிறது. நிலத்தடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரைக்கின்றன. கூடவே ஆர்சனிக்கும் கரைந்து வருகிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. இரும்பு கரைந்த அதே காரணத்தால் பாஸ்பேட்டும் கரைந்திருக்கும், அம்மோனியமும் சேர்ந்திருக்கும், ஆர்சனிக்கில் பெரும்பகுதி மூன்றாம் நிலையில் இருக்கும்.

கணக்குக்காக ஒரு நீரை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட எந்தக் கிணற்றின் அறிக்கையும் அல்ல. டெல்டாவில் வழக்கமாகக் காணும் அளவுகள். லிட்டருக்கு ஆர்சனிக் 300 மைக்ரோகிராம், கரைந்த இரும்பு 5 மி.கி., பாஸ்பரஸ் 1.5 மி.கி., சிலிக்கான் 18 மி.கி., பைகார்பனேட் 400 மி.கி., பிஹெச் 7.1.

மி.கி. கணக்கை மோல் கணக்காக, அதாவது எடைக்குப் பதில் துகள்களின் எண்ணிக்கையாக, மாற்றினால் நிலைமை தெரியும். ஆர்சனிக் லிட்டருக்கு 4 மைக்ரோமோல். பாஸ்பேட் 48. சிலிக்கேட் 640. பாஸ்பேட்டும் ஐந்தாம் நிலை ஆர்சனிக்கும் வேதியியலில் கிட்டத்தட்ட இரட்டையர். இரும்பு ஆக்சைடுப் பரப்பில் இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போட்டியிடும். ஒரு ஆர்சனிக்குக்கு 12 பாஸ்பேட் நிற்கிறது. சிலிக்கேட்டின் பிடி தளர்வானது, ஆனால் 160 பங்கு இருக்கிறது.

அந்தப் பக்கம் இடம் எவ்வளவு? 12 நானோமீட்டர் உருண்டைத் துகளின் பரப்பு, மேக்னடைட்டின் அடர்த்தி 5.18 என்ற கணக்கில், கிராமுக்கு சுமார் 97 சதுர மீட்டர். லிட்டருக்கு அரை கிராம் போட்டால் 48 சதுர மீட்டர். சதுர நானோமீட்டருக்கு இரண்டு இடம் என்று வைத்தால் மொத்தம் 160 மைக்ரோமோல். பாஸ்பேட்டும் ஆர்சனிக்கும் ஒவ்வொன்றும் இரண்டு இடத்தைப் பிடிக்கும் என்றால் 104 போய்விடும். மிச்சத்தைச் சிலிக்கேட் நிரப்பும். எல்லா இடமும் நிரம்பிய நிலையில் 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்குவது நடக்காத காரியம். வாலை வடிநீரில் ஆர்சனிக் உப்பை மட்டும் கலந்து பார்த்தால் இந்தச் சண்டை கண்ணிலேயே படாது.

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் 'அதிகபட்சக் கவர்திறன்' என்ற எண்ணையும் இதே காரணத்துக்காகச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 50, 100 மி.கி. ஆர்சனிக் உள்ள கரைசலில் அளந்த எண் அது. குடிநீர் முடியவேண்டிய இடம் 0.01 மி.கி. அந்தச் செறிவில் கிராமுக்கு எவ்வளவு பிடிக்கிறது என்பதே கேள்வி. விடை பெரும்பாலும் அந்தப் பெரிய எண்ணில் ஒரு சிறு பங்குதான்.

முதலில் இரும்பு, பிறகு காந்தம்

வரிசையை மாற்றிச் செய்வதால் வரும் தோல்விதான் இந்த நீரில் மிகச் சாதாரணமானது. அடிபம்பிலிருந்து வந்தவுடன் தெளிவாக இருக்கும் நீரில் மேக்னடைட்டைப் போட்டுக் கலக்குகிறார்கள். கலக்கும்போதே காற்று புகுந்து கரைந்த இரும்பு துருவாகத் திரிகிறது. செம்மஞ்சள் நிறத்தில் மிதக்கும் இந்தத் துருத் திரள் ஆர்சனிக்கை நன்றாகவே பிடிக்கும், ஆனால் காந்தத்துக்கு வராது. கறுப்புத் துகளெல்லாம் காந்தத்தின் பக்கம் ஒதுங்கிய பிறகு, ஆர்சனிக் சுமந்த மஞ்சள் கலங்கல் நீரிலேயே நிற்கும். வடிதாளில் வடிகட்டிய மாதிரியை மட்டும் சோதித்தவருக்கு முடிவு அருமையாக இருக்கும். வடிகட்டாமல் குடிப்பவருக்கு அப்படியில்லை.

ஆகவே நீரை முதலில் காற்றேற்ற வேண்டும். ஒரு வாளியிலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து பத்துப் பதினைந்து முறை ஊற்றினாலோ, ஓட்டை போட்ட தட்டின் வழியே வடியவிட்டாலோ போதும். சில மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு மணல் வழியே வடிக்க வேண்டும். இதனால் இரண்டு லாபம். 5 மி.கி. இரும்பு என்பது 90 மைக்ரோமோல். துருவாகும்போது தன்னில் ஏறக்குறைய பாதி மோல் அளவுக்குப் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கும், அதாவது 48இல் பெரும்பகுதி போய்விடும். ஆர்சனிக்கிலும் ஒரு பங்கு கூடவே இறங்கும். ஆனால் இது மட்டும் போதாது. பங்களாதேஷ் கிணற்று நீரில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே போகவே இரும்பு ஆர்சனிக்கைப் போல 40 மடங்கு எடை இருக்கவேண்டும் என்பது சோதனைகளில் கண்டது. நம் நீரில் 17 மடங்குதான்.

மூன்றாம் நிலை ஆர்சனிக்கை ஐந்தாம் நிலைக்கு மாற்ற பிளீச்சிங் பவுடர் போடுவதென்றால் அதையும் இரும்பு நீங்கிய பிறகே போடுவது சிக்கனம். 300 மைக்ரோகிராம் ஆர்சனிக்குக்குத் தேவையான குளோரின் 0.28 மி.கி. மட்டுமே. இரும்பு இருக்கும்போது போட்டால் அதுவே 3.2 மி.கி. குளோரினைத் தின்றுவிடும். அம்மோனியம் இருந்தால் குளோரின் குளோரமினாக மாறி வேகம் குறையும். அப்படிப்பட்ட கிணற்றுக்கு நேரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மேக்னடைட் மூன்றாம் நிலையையும் ஓரளவு நன்றாகவே பிடிக்கும் என்பதால், பாஸ்பேட் இறங்கிய நீரில் குளோரின் இல்லாமலே சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை.

துகளைத் தயாரித்தல்

ரைஸ் குழுவின் 12 நானோமீட்டர் துகள், ஓலிக் அமிலத்தில் 300 டிகிரிக்கு மேல் காய்ச்சி ஒரே அளவாக எடுக்கப்பட்டது. விலை அதிகம். 2010இல் அதே குழுவினர் துரு, சமையல் எண்ணெய், அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா ஆகியவற்றைக் கொண்டு அடுப்பில் காய்ச்சும் முறையையும் காட்டினார்கள். களத்தில் பரவலாகச் செய்வது, இரண்டு இரும்பு உப்புகளையும் காரத்தால் ஒன்றாகப் படியவைக்கும் உடன்வீழ்படிவு முறைதான். துகள் 8 முதல் 20 நானோமீட்டர் வரை கலந்து வரும்.

100 கிராம் மேக்னடைட்டுக்கு ஆறு நீர் மூலக்கூறுள்ள ஃபெரிக் குளோரைடு 234 கிராம், ஏழு நீர் மூலக்கூறுள்ள ஃபெரஸ் சல்பேட் 120 கிராம், காஸ்டிக் சோடா கணக்குப்படி 138 கிராம். கூடுதலாக 10 முதல் 15 சதவீதம். ஃபெரஸ் உப்பு காற்றில் ஓரளவு ஆக்சிஜனேறிவிடும் என்பதால் அதையும் ஐந்தாறு கிராம் கூட்டி எடுப்பது வழக்கம். கொதிக்கவைத்து மூடி ஆறவைத்த நீரில் இரண்டு உப்பையும் கரைத்து, 70–80 டிகிரியில் வைத்து, வேகமாகக் கலக்கிக்கொண்டே காஸ்டிக் கரைசலை ஊற்ற வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இதில் இறங்கக்கூடாது. முதலில் பழுப்பு, பிறகு கரும்பச்சை, பிஹெச் 10ஐத் தொடும்போது கன்னங்கரிய நிறம். அரை மணி நேரம் அதே சூட்டில் வைக்கவும்.

கடைசியில் கறுப்பு வராமல் காப்பிப்பொடி நிறத்திலேயே நின்றால் ஃபெரஸ் பங்கு குறைந்துவிட்டது என்று பொருள். பழைய ஃபெரஸ் சல்பேட்டு, மேலே மஞ்சள் பூத்தது, இதற்கு முக்கியக் காரணம். அந்தத் தொகுதி காந்தத்துக்குப் பாதிதான் வரும். குடிநீருக்குப் பயன்படுத்தாமல் தள்ளிவிடுவது நல்லது.

காந்தத்தை அடியில் வைத்துத் தெளிநீரை ஊற்றிவிட்டு, கழுவுநீரின் பிஹெச் 8க்கு இறங்கும்வரை கழுவவேண்டும். பிறகு காயவைக்கக் கூடாது. உலர்ந்தால் துகள்கள் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு அரைத்தாலும் பழைய பரப்பு திரும்பாது. ஈரக்கூழாக மூடிவைத்து, ஒரு சிறு பங்கை உலர்த்தி எடைபோட்டு லிட்டருக்கு எத்தனை கிராம் என்று பாட்டிலில் எழுதிவைப்பதே சரி. மாதக்கணக்கில் வைத்தால் மேகமைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடாக மாறிப் பழுப்பேறும். அதுவும் காந்தத்துக்கு வரும், ஆர்சனிக்கைப் பிடிக்கும். கவலை வேண்டாம்.

ஃபெரிக் குளோரைடு எங்கிருந்து வாங்குகிறோம் என்பதில் மட்டும் கறாராக இருக்கவேண்டும். எஃகு ஆலைகளின் அமிலக் கழிவிலிருந்து வருவதில் மாங்கனீசும் குரோமியமும் இருக்கலாம். ஆர்சனிக்கை எடுக்கப் போய் இன்னொன்றைச் சேர்த்துவிடக் கூடாது.

பிடிப்பது

சிறிய துகள் நன்றாகக் கவரும், ஆனால் காந்தத்துக்குச் சரியாக வராது. 12 நானோமீட்டர் மேக்னடைட் ஒன்றைத் தனியாக எடுத்துக்கொண்டால், மீட்டருக்கு 100 டெஸ்லா என்ற வலுவான புலச்சரிவில்கூட (காந்தப்புலம் தூரத்தோடு மாறும் வீதம்) அது நொடிக்கு 0.4 மைக்ரோமீட்டர்தான் நகரும். வெப்பத்தால் வரும் தத்தளிப்பு அதைவிடப் பல மடங்கு வலிமையானது. அதே பொருள் 1 மைக்ரோமீட்டர் திரளாகச் சேர்ந்தால், பாதி வெற்றிடம் என்று வைத்தாலும், நொடிக்கு ஒரு மி.மீ.க்கு மேல் ஓடும். 2006 கட்டுரையின் உண்மையான புதுமை இங்கேதான்: காந்தப்புலத்தில் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துத் திரள்வதால், கையில் பிடிக்கும் காந்தத்தாலேயே அவற்றைப் பிரிக்கமுடியும் என்று காட்டியது.

அதைக் குப்பியில் பார்ப்பது வேறு, 20 லிட்டர் வாளியில் பார்ப்பது வேறு. நியோடிமியம் கட்டியின் முகத்தில் புலம் 0.4 டெஸ்லா இருந்தாலும் சில செ.மீ. தள்ளிப் போனதும் சரிவு மீட்டருக்கு ஓரிரு டெஸ்லாவாக விழுந்துவிடும். சரிவு 10 டெஸ்லா என்று தாராளமாக வைத்தாலும் மேலே சொன்ன திரள் 10 செ.மீ. கடக்க 13 நிமிடம். 1 டெஸ்லா என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதனால் ஆழமான வாளி பொருந்தாது. 3 செ.மீ. ஆழமுள்ள தட்டையான தட்டு, அடியில் வரிசையாகக் காந்தங்கள் என்பது பரவாயில்லை. அதைவிட நல்லது எஃகுப் பஞ்சு அடைத்த குழாய், வெளியே காந்தம். மெல்லிய கம்பியைச் சுற்றிச் சரிவு ஆயிரக்கணக்கில் எகிறும், துகள் பயணிக்க வேண்டிய தூரமும் மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும்.

பஞ்சு வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்கவேண்டும். எவர்சில்வர் என்று விற்பதில் 304 தரம் காந்தத்துக்கு ஒட்டாது. அதை அடைத்தால் வெறும் சல்லடைதான். 430 தரம் ஒட்டும், துருவும் எளிதில் பிடிக்காது. சாதாரண இரும்புப் பஞ்சு சில நாளில் துருவேறி நீரையே கெடுக்கும்.

காந்தத்தை நேரடியாக நீரில் முக்கவே கூடாது. மேக்னடைட் அதன் முகத்தில் முள்முள்ளாக ஒட்டிக்கொள்ளும். துடைத்தால் விரலுக்குப் பின்னாலேயே மறுபடி ஒட்டும், நாள்முழுக்கத் தேய்த்தாலும் போகாது. மேலிருக்கும் நிக்கல் பூச்சும் கீறி உள்ளே துருப்பிடிக்கும். ஒரு பக்கம் மூடிய பிளாஸ்டிக் குழாய்க்குள் காந்தத்தை வைத்து இறக்கி, வெளியே எடுத்து, காந்தத்தை உருவினால் துகள் தானே கொட்டிவிடும். பஞ்சுக் குழாயைக் கழுவும்போது, காந்தத்தை எடுத்த பிறகும் கம்பியில் எஞ்சிய காந்தத்தன்மை கொஞ்சம் பிடித்துவைத்திருக்கும்; நீரோடு காற்றையும் விட்டுவிட்டு அடித்தால்தான் விடும்.

தப்பிப்போவது எவ்வளவு வரை பொறுக்கலாம்? லிட்டருக்கு 500 மி.கி. போட்டு ஒரு சதவீதம் தப்பினால் 5 மி.கி. துகள். அதில் ஒட்டிய ஆர்சனிக் 3 மைக்ரோகிராம், வரம்புக்குள்தான். ஆனால் இரும்பு 3.6 மி.கி. துணியில் கறை விழ 0.3 மி.கி. தாண்டினாலே போதும். ஆக, மக்கள் இந்த நீரை முதலில் ஒதுக்குவது ஆர்சனிக்குக்காக அல்ல, சோற்றின் நிறத்துக்காக. சோதிப்பவருக்கு இது ஒரு வசதியும்கூட: வெளிவரும் நீரில் மொத்த இரும்பைத் தினமும் மலிவாக அளந்தாலே பிடிப்பு சரியாக நடக்கிறதா என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு துகள் போடவேண்டும் என்று முடிவுசெய்ய, இரும்பு நீக்கிய கிணற்று நீரையே ஐந்து ஒரு லிட்டர் ஜாடிகளில் எடுத்து 0.1, 0.25, 0.5, 1, 2 கிராம் வீதம் போட்டு, ஒரு மணி நேரம் கலக்கி, கால் மணி நேரம் காந்தத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மாதிரி எடுக்கவேண்டும். ஒன்று 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்தது. இன்னொன்று வடிக்காமல் அமிலத்தில் கரைத்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காந்தத்தின் குறை. வடித்ததில் மிஞ்சுவது கவர்தலின் குறை. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்தால் எதைச் சரிசெய்வது என்றே தெரியாது. கரைந்த இரும்பு இருந்தால் மாதிரியை எடுத்த உடனே அமிலம் விடவேண்டும். தாமதித்தால் பாட்டில் சுவரில் துருவோடு ஆர்சனிக்கும் ஒட்டிவிடும்.

பிடித்ததை எங்கே போடுவது

பத்தில் ஒரு பங்கு மோலார் காஸ்டிக் சோடாவில் (லிட்டருக்கு 4 கிராம்) ஓரிரு மணி நேரம் ஊறவைத்தால் ஐந்தாம் நிலை ஆர்சனிக்கில் பெரும்பகுதி கழன்றுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் திறன் குறையும். சிலிக்கா படிவதும் துகள் இழப்பும் காரணம். 'பத்து முறை மீண்டும் பயன்படுத்தலாம்' என்று எழுதுபவர்கள் அந்தக் காஸ்டிக் நீர் என்னவாயிற்று என்று எழுதுவது அரிது. கிணற்று நீரைவிடப் பல நூறு மடங்கு ஆர்சனிக் செறிந்த காரநீர் அது. அமிலம் விட்டு நடுநிலையாக்கி, ஃபெரிக் குளோரைடு போட்டு மறுபடி வீழ்படிவாக்கித்தான் ஆகவேண்டும். கடைசியில் சேறுதான் மிஞ்சும்.

அந்தச் சேற்றைக் குட்டையிலோ எருக்குழியிலோ போட்டால் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இரும்பு மீண்டும் கரைந்து ஆர்சனிக்கை விட்டுவிடும். வண்டலில் நடந்த அதே வேதியியல். லீஹை பல்கலைக்கழகத்தின் அருப் சென்குப்தா குழு மேற்கு வங்கத்தில் கிணற்றடியிலேயே நிறுவிய அலகுகளில், மீட்டெடுத்த சேற்றைக் காற்றோட்டமுள்ள கரடுமணல் படுகையின் மேல் வைத்தது இதற்காகத்தான். இந்த முழுத் துறையிலும் இதுவே நான் மிகவும் மதிக்கும் முடிவு. கவர்பொருளைவிடச் சேற்றைப் பற்றி முதலில் யோசித்தவர்கள் அவர்கள்.

யார் நிலைத்தார்கள், காந்தம் எங்கே பொருந்தும்

2007இல் அமெரிக்கப் பொறியியல் அகாதமியின் கிரேஞ்சர் பரிசு அபுல் ஹுஸ்ஸாமின் சோனோ வடிகட்டிக்குப் போனது. மணலும் இரும்புக் கலவையும் அடுக்கிய இரண்டு வாளிகள்தான் அது. சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழு உருவாக்கிய 'அம்ரித்', இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு நானோ துகளைக் கைட்டோசானில் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) சிறைப்படுத்திக் குருணையாக்கியது. சென்குப்தா குழு பின்னாளில் ரெசின் மணிகளுக்குள் இரும்பு ஆக்சைடைப் படியவைத்தது. மூன்றிலும் நீர் ஓடுகிறது, துகள் நகர்வதில்லை. துகள் நகராவிட்டால் அதைப் பிடிக்கவேண்டிய வேலையே கிடையாது. ரைஸ் குழுவினரே மெக்சிகோவின் குவானஹுவாட்டோ நீரில் நானோ மேக்னடைட்டைச் சோதித்தபோது மணல் படுகைக்குள்தான் வைத்தார்கள்.

தெளிந்த நிலத்தடி நீருக்குப் படுகையே போதும் என்பது என் கணிப்பு. படுகை அடைத்துக்கொள்ளும் இடங்களில்தான் காந்தம் தன் கூலியைச் சம்பாதிக்கும்: சேறு கலந்த கழிவுநீர், நார் மிதக்கும் ஆலை நீர், ஒரே தொட்டியில் போட்டு எடுக்கவேண்டிய மின்முலாம் பட்டறையின் அலசல் நீர். அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் 2007இல் மேக்னடைட் மேல் டிஎம்எஸ்ஏ என்ற கந்தகச் சேர்மத்தைப் பூசியது; ஈய நஞ்சேறியவர்களுக்கு மருந்தாகக் கொடுக்கும் அதே பொருள். பாதரசம், ஈயம், காட்மியம், வெள்ளி ஆகியவை அந்தக் கந்தகத்தோடு இறுகப் பிணையும். பாஸ்பேட் அங்கே போட்டிக்கு வராது. அலசல் நீரில் கவனிக்கவேண்டியது அமிலம். பிஹெச் 3க்குக் கீழே வெறும் மேக்னடைட் கரையத் தொடங்கும். துகள் கரைந்தால் பிடித்த உலோகமும் காந்தத்தின் பிடியிலிருந்து போய்விடும். சுண்ணாம்பு விட்டு 5 அல்லது 6க்கு ஏற்றிய பிறகு போடலாம், அல்லது சிலிக்கா உறையிட்ட துகளை வாங்கலாம். முதலாவதுதான் மலிவு.